முன்னிருக்கையின் முதுகில் ஒரு திரை: தாம்பரத்திலிருந்து நெல்லை வரை

தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டு வாசலிலிருந்து திருநெல்வேலியில் என் அம்மா வீட்டு வாசல் வரை சுமார் 600 கி.மீ. ஆகிறது. விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினால், காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, குழந்தைகளுக்காக ஐந்தாறு நிறுத்தங்கள் எல்லாம் சேர்த்துப் பதினொரு மணி நேரம் பிடிக்கும். காரில் ஏறியதும் பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்பே பிள்ளைகள் இருவரும் தூங்கிவிடுவார்கள், விக்கிரவாண்டியில் விழிப்பார்கள், உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும், யாருடைய முழங்கை யாருடைய பக்கத்துக்கு வந்தது என்ற வழக்கு தொடங்கி மதுரை வரை நடக்கும். இந்த வழக்கைத் தீர்ப்பதற்காக இரண்டு ஆண்டுகளில் மூன்று விதமான திரை ஏற்பாடுகளைக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்திவிட்டோம். மூன்றையும் பற்றிய மதிப்பீடுதான் இது.

எங்களுடையது ஏழு பேர் அமரும் கார். கணவர் ஓட்டுவார், நான் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன், நடு வரிசையில் மகளும் மகனும், மூன்றாம் வரிசையில் மாமியாரும் பைகளும். முதல் திரையை வாங்கியபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. இப்போது ஒன்பதும் ஐந்தும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 19,500 ரூபாய்க்கு வாங்கியதைக் கழற்றிவிட்டோம், 700 ரூபாய்க்கு வாங்கியது முறிந்துபோயிற்று, 450 ரூபாய்க்கு வாங்கிய துணிப்பை இன்றும் காரில் இருக்கிறது.

முதலில் வாங்கியது, ஹெட்ரெஸ்ட்டோடு, அதாவது இருக்கையின் மேலே தலை சாய்க்கும் மெத்தையோடு, சேர்த்தே திரை பதித்து வரும் வகை. காரில் இருக்கும் ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கிவிட்டு அந்த இரண்டு கம்பித் துளைகளிலேயே இதைச் செருகிவிடலாம். பின்பக்கம் பத்து அங்குலத் திரை, உள்ளே ஆண்ட்ராய்டு, பக்கவாட்டில் பென்டிரைவ் செருகும் துளை. சென்னையில் கார் அலங்காரப் பொருள் என்றாலே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைதான் என்பதால் நாங்களும் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனோம். கடைக்குள் மாதிரிக்கு வைத்திருந்த திரை கண்ணைப் பறித்தது. ஆனால் கடைக்குள்ளே வெயில் இல்லை, கார் ஓடவில்லை, பார்ப்பவர் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாட்டும் வேலை இரண்டு மணி நேரம் என்றார்கள், நான்கு மணி நேரம் ஆயிற்று. மின்சாரத்துக்கு முன்பக்கத்து 12 வோல்ட் இணைப்பிலிருந்து வயரை எடுத்து, தரை விரிப்புக்கு அடியில் ஓட்டி, இருக்கையின் கீழிருந்து முதுகுக்கு ஏற்ற வேண்டும். வயர் போட்ட தம்பி முன்னிருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, வழியில் இருந்த மஞ்சள் நிற கனெக்டர் ஒன்றைக் கழற்றி ஒதுக்கிவிட்டு வேலையை முடித்தார். கார்களில் மஞ்சள் கனெக்டர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியது. எங்கள் காரில் முன்னிருக்கைகளின் வெளிப்பக்க ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் உண்டு. அவர் மறுபடி செருகியபோதும் டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக நின்றது. "அது தானா போயிரும் மேடம், ரெண்டு தடவை வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். போகவில்லை. இந்த விளக்கு ஒருமுறை எரிந்துவிட்டால், சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்துப் பிழைக் குறியீட்டை அழித்தால்தான் அணையும். அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை விபத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து அதைச் சரி செய்தேன். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் இருக்கையின் முதுகுக்குள் வயர் ஓட்டும் எந்த ஏற்பாட்டையும் இனி நான் ஏற்கமாட்டேன். இருக்கை உறை மாற்றும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

வயரை விடுங்கள், திரையின் பயன்பாடு எப்படி என்று கேட்டால், ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஹெட்ரெஸ்ட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலை. என் கணவர் உயரமானவர். அவருடைய ஹெட்ரெஸ்ட் மேலே ஏற்றப்பட்டிருக்கும். அவருக்குப் பின்னால் உட்காரும் மகன், அப்போது மூன்று வயதுக்காரன், கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் கழுத்தை உயர்த்தித்தான் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் குள்ளம் என்பதால் என் பின்னால் இருந்த மகளுக்குத் திரை சரியாக முகத்துக்கு நேரே இருந்தது. "அவளுக்கு மட்டும் நல்லாத் தெரியுது" என்று புது வழக்கு ஆரம்பமாயிற்று. திரையைத் தனியே இறக்க வழியில்லை; இறக்கினால் ஓட்டுபவரின் பின்னந்தலைக்குத் தாங்கல் போய்விடும். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதும்போது கழுத்து பின்னோக்கி ஒடியாமல் காப்பதற்காகத்தான் ஹெட்ரெஸ்ட் இருக்கிறது. கார்த் தயாரிப்பாளர் இருக்கையோடு சேர்த்துச் சோதித்த அந்தப் பொருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கனமான ஒன்றை அங்கே வைப்பது நியாயமா என்று நான் கடையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மென்பொருள் வகையிலும் மகிழ்ச்சியில்லை. பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்தால்தான் அது படிக்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. எச்இவிசி முறையில் சுருக்கப்பட்ட காணொளிகளில் ஒலி வரும், படம் வராது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றினோம். பழைய ஹெட்ரெஸ்ட்டுகளைப் பரணில் பத்திரமாக வைத்திருந்த மாமியாருக்கு அன்று வீட்டில் பெரும் மதிப்பு உண்டாயிற்று.

இரண்டாவது ஏற்பாட்டில் திரையாகச் சாதாரண டேப்லெட்டையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். 8.7 அங்குலத் திரை, 332 கிராம் எடை, 5,100 மில்லி ஆம்பியர் மணி மின்கலம், மெமரி கார்டு போடும் இடம், ஹெட்போன் வயர் செருகும் பழைய உருண்டைத் துளை: இவ்வளவும் உள்ள டேப்லெட் இரண்டு வாங்கினோம். பத்து, பதினோரு அங்குலம் வேண்டும் என்று தோன்றும், தேவையில்லை. குழந்தையின் முகத்துக்கும் திரைக்கும் இடையே இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலான தூரமே இருக்கிறது, தவிரவும் பதினோரு அங்குல டேப்லெட் அரை கிலோவைத் தொடும்.

இதை மாட்டுவதற்கு வாங்கியதுதான் 700 ரூபாய் ஸ்டாண்டு. ஹெட்ரெஸ்ட்டின் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு பிடி, அதிலிருந்து ஒரு கை, கையின் முனையில் ஸ்பிரிங் வைத்த நகங்கள். இதில் ஒருவகை, கையை நீட்டி இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவில் திரையை நிறுத்தும். ஒரே டேப்லெட்டை இரண்டு பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற ஆசையில் முதலில் அப்படித்தான் வைத்தோம். பயணத்தன்று விக்கிரவாண்டி தாண்டி ஒரு பேருந்து குறுக்கே வந்தபோது கணவர் அழுத்திப் பிரேக் போட்டார். டேப்லெட் நகங்களிலிருந்து கழன்று, எங்கள் இருவருக்கும் நடுவே பறந்து, கியர் கம்பியில் மோதி விழுந்தது. அது வெறும் பிரேக். உண்மையான மோதலில் வேகம் சட்டென்று நிற்கும்போது பொருளின் கனம் பல மடங்காகிவிடும். முப்பது மடங்கு என்று வைத்துக்கொண்டாலே 332 கிராம் பத்துக் கிலோவாக முன்னோக்கிப் பாயும். நடுவில் நிறுத்திய திரைக்கு முன்னால் இருப்பது ஓட்டுநரின் கையும் கியரும் கண்ணாடியும்தான். இருக்கையின் முதுகை ஒட்டி வைத்த திரை அதே மோதலில் இருக்கையின் முதுகிலேயே அழுந்தி நிற்கும். இந்த வேறுபாட்டை எந்த விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை.

அடுத்து இரண்டு ஸ்டாண்டுகளையும் தனித்தனியாக இருக்கைகளின் பின்னால் வைத்துப் பார்த்தோம். அப்போது இன்னொரு கவலை வந்தது. மோதலில் குழந்தையின் தலையும் முன்னோக்கித்தான் வரும். பெல்ட் பிடித்திருந்தாலும் கழுத்து நீளும். அந்த இடத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் நகம் நீட்டிக்கொண்டிருப்பது நல்லதில்லை. முடிவெடுக்கும் சிரமத்தை ஸ்டாண்டே எங்களுக்கு வைக்கவில்லை. மே மாதத்தில் இரண்டு நாள் வெயிலில் நின்ற காரில் அதன் கை இளகித் தொய்ந்து, சாத்தூருக்கு அருகே ஒரு மேடு பள்ளத்தில் முறிந்து மகளின் தொடையில் விழுந்தது.

மூன்றாவது, அதாவது இப்போதும் பயன்படுவது, வெறும் துணிப்பை. இருக்கையின் முதுகில் தொங்கவிடும் பை. மேலே ஹெட்ரெஸ்ட் கம்பியைச் சுற்றி ஒரு பட்டை, கீழே இருக்கையின் அடியில் கொக்கி போட்டு இழுக்கும் இன்னொரு பட்டை. மேல் பாதியில் தெளிவான பிளாஸ்டிக் முகப்புள்ள உறை, அதற்குள் டேப்லெட்டைச் செருகி ஒட்டுப்பட்டையால் மூடிவிடலாம். பிளாஸ்டிக்கின் மேலேயே விரலால் தொட்டு இயக்கலாம். கீழ்ப் பாதியில் தண்ணீர் பாட்டில், துடைக்கும் தாள், வண்ணப் பென்சில், கடலைமிட்டாய் வைக்கும் அறைகள். திரை இருக்கையின் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை. மேல் பட்டையை இழுத்தும் தளர்த்தியும் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணுக்கும் ஏற்ற உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதால், ஹெட்ரெஸ்ட் திரை தோற்ற இடத்தில் இது ஜெயித்துவிட்டது. கார் நின்றதும் டேப்லெட்டை உருவி எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஊரில் அம்மா வீட்டுத் திண்ணையிலும் அது பயன்படும்.

குறைகளும் உண்டு. கீழ்ப் பட்டையை இறுக்காவிட்டால் பை ஊஞ்சலாடும், படமும் ஆடும். பிளாஸ்டிக் முகப்பு பகல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நாங்கள் தெற்கு நோக்கிப் போவதால் மதுரையைத் தாண்டும் நேரத்தில் சூரியன் வலப்பக்கம் இறங்கி வந்து வலது இருக்கைப் பிள்ளையின் திரையில் விழும். அந்த இரண்டு மணி நேரம் அவனுக்குத் தன் முகம்தான் தெரியும். பளபளப்பில்லாத தாளை முகப்பில் ஒட்டியதில் பாதி குறைந்தது. பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டலாமே என்று யோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை போட்டுவிட்டது. இன்னொன்று, முன்னிருக்கையின் ஹெட்ரெஸ்ட் இருக்கையோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும் சிறிய கார்களில் பட்டை சுற்றக் கம்பி இருக்காது. வாங்குவதற்கு முன் ஹெட்ரெஸ்ட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

பொருளை விடவும் முக்கியமாக நாங்கள் கற்றுக்கொண்டது சீட் பெல்ட் பற்றியது. திரை எட்டாத தூரத்தில் இருந்தால் பிள்ளை அடுத்த படத்தைத் தொடுவதற்காக முன்னால் சாயும். தோள்பட்டை பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். சில சமயம் கழற்றியும் விடும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அமர்ந்திருந்தால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து செய்கிற காரியம் இல்லைதான். ஆனாலும் "போலீஸ் மாமா பிடிப்பார்" என்பதைவிடத் தொகையைச் சொன்னால் மகள் கேட்கிறாள். எனவே, கிளம்புவதற்கு முன்பே படங்களை வரிசையாகக் கோத்து வைத்துவிடுகிறோம், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். காணொளி ஓட்டும் விஎல்சி செயலியில் திரையைப் பூட்டும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் ஒரே செயலியை விட்டு வெளியேற முடியாமல் நிறுத்திவிடலாம். பூட்டிவிட்டால் தொட்டுப் பயனில்லை என்று தெரிந்து பிள்ளைகளும் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இனி ஒலி. இரண்டு திரைகளில் இரண்டு கதைகள் ஓடும்போது காருக்குள் மீன் சந்தை மாதிரி இருக்கும் என்பதால் ஹெட்போன் தவிர்க்க முடியாதது. புளூடூத் வேண்டாம் என்பது என் கருத்து: அதற்கும் சார்ஜ் போட வேண்டும், அக்காவோ தம்பியோ மாற்றி இணைத்துவிட்டால் ஒருவர் படத்தின் ஒலி மற்றவர் காதில் விழும், அதை அவிழ்க்க ஓடும் காரில் நான் பின்னால் திரும்பி உட்கார வேண்டும். வயர் உள்ளதே நல்லது. ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கழுத்தில் வயர் சுற்றும் ஆபத்து உண்டு என்பதால் அந்த வயதில் ஹெட்போனே வேண்டாம், திரையும் வேண்டாம். குழந்தைகளுக்கானது என்று விற்கும் ஹெட்போன்களில் 85 டெசிபலுக்கு மேல் போகாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட அளவுகோல், குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்கிறது. ஒலி 10 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால் 85 டெசிபலில் அதே அளவு வாரத்துக்கு 4 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதாவது முழு ஒலியில் விட்டால், திருச்சி போய்ச் சேர்வதற்குள் அந்த வாரத்துக் கணக்கு முடிந்தது.

நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலும் காற்றிரைச்சலும் சேர்ந்து பிள்ளைகளை ஒலியைக் கூட்டச் சொல்லும். காதை முழுவதும் மூடும் மெத்தைக் கிண்ண வகை ஹெட்போன் வெளியோசையைக் குறைப்பதால் குறைந்த ஒலியிலேயே கேட்கிறது. காதின் மேல் சும்மா உட்காரும் வகையில் இந்தப் பயன் கிடைக்காது. நாங்கள் டேப்லெட்டிலேயே ஒலியைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டுத்தான் கொடுக்கிறோம். முன்னாலிருந்து நான் சாதாரணக் குரலில் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும்; பார்க்காவிட்டால் ஒலி அதிகம் என்று அர்த்தம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காரின் முன்பக்கத்தில் பென்டிரைவுக்காக வைத்திருக்கும் பழைய வகை யுஎஸ்பி துளைகள் பலவற்றில் 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் வரும். படம் ஓடிக்கொண்டிருக்கும் டேப்லெட்டுக்கு அது போதாமல், செருகியிருக்கும்போதே சார்ஜ் இறங்கும். 12 வோல்ட் துளையில் செருகும் நல்ல சார்ஜர் வேண்டும். ஆனால் பதிவிறக்கி வைத்த படத்தை, விமானப் பயன்முறையில், நடுத்தர வெளிச்சத்தில் ஓட்டினால் எங்கள் டேப்லெட்டுகள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் தாங்குகின்றன. பிள்ளைகள் பார்ப்பது நான்கு மணி நேரம். எனவே படம் ஓடும்போது வயரே தொங்கவிடுவதில்லை. அவர்கள் தூங்கும்போது 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கில் போட்டுவிடுகிறேன்.

படங்களை முதல் நாள் இரவே பதிவிறக்கிவிட வேண்டும். வழியில் சிக்னலை நம்பினால் படம் நின்று சுழலும், அதைவிடப் படம் இல்லாமலே இருந்திருக்கலாம். சில செயலிகளில் பதிவிறக்கியதை ஒருமுறை ஓட்டத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், ஊரிலிருந்து திரும்பும் நாளில் பெட்டி காலியாக இருக்கும். போகும்போது பார்த்ததைத் திரும்பும்போது மறுபடி பார்க்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய துக்கம். அம்மா வீட்டு வைஃபையில் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவுத் திரைக்கு 480பி தரமே தாராளம். நொடிக்கு ஒரு மெகாபிட் கணக்கில் ஒரு மணி நேரப் படம் 450 எம்பி ஆகும், 128 ஜிபி மெமரி கார்டில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

வாந்தி பற்றி விற்பவர்கள் யாரும் பேசுவதில்லை. உடல் வண்டியின் அசைவை உள்காதின் வழியாக உணர, கண் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டு எதுவும் நகரவில்லை என்று சொல்ல, இந்த முரண்பாட்டில்தான் தலைசுற்றலும் குமட்டலும் பிறக்கின்றன. இரண்டு வயதுக்குக் கீழே இது அரிது. பள்ளி செல்லும் வயதில் அதிகம். டேப்லெட்டை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் ஜன்னலும் சாலையும் முழுக்க மறைந்துபோவதால் மிக விரைவில் வரும். முகத்துக்கு நேரே உயரத்தில் இருந்தால் ஓரக்கண்ணில் வெளியுலகம் நகர்வது தெரிவதால் தாமதமாகும் அல்லது வராது. என் மகனுக்கு நான்குவழிச் சாலையில் துணிப்பைத் திரை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒருமுறை நெல்லையிலிருந்து பாபநாசம் வழியாக மேலணைக்குப் போனபோது, மலை ஏறத் தொடங்கியும் படத்தை நிறுத்தாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது வளைவில் ஹெட்போனைத் தானே கழற்றி மடியில் வைத்துவிட்டு, "அம்மா, வாயில தண்ணியா வருது" என்றான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு நமக்கு அரை நிமிடம்தான் இருக்கும். அன்றிலிருந்து மலைப்பாதையிலும், வளைந்து வளைந்து போகும் கிராமச் சாலையிலும் திரை கிடையாது. பையின் கீழறையில் எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் நிரந்தரமாக இருக்கின்றன.

வெயிலும் ஒரு விரோதி. இவ்வகைக் கருவிகளை 35 பாகை செல்சியசுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் பொதுவாகத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். மே மாதத் திருச்சியில் வெளியிலேயே 40 பாகை, மூடிய காருக்குள் கேட்கவே வேண்டாம். முக்கால் மணி நேரம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, பையிலேயே விட்டுப்போன டேப்லெட் சூடு தணியும் வரை இயங்கமாட்டேன் என்று எழுதிக் காட்டியது. மோர் பாட்டில் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் அதைப் போடலாமா என்று கணவர் கேட்டார். கூடாது, உள்ளே நீர் கோத்துவிடும். ஏசி காற்றில் கால் மணி நேரம் காட்டியதில் உயிர் வந்தது. இப்போது இறங்கும்போது கைப்பையோடு டேப்லெட்டுகளும் இறங்கிவிடும்.

இருட்டிய பிறகு இன்னொரு தொல்லை. ஓட்டுபவருக்குப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியிலும் முன்கண்ணாடியிலும் திரையின் வெளிச்சம் நீலமாக ஆடும். ஓட்டுநர் ஓட்டும்போது காணொளி பார்க்கக் கூடாது, வழிகாட்டும் வரைபடத்துக்கு மட்டுமே விலக்கு என்று 2017-ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. பின்னிருக்கைத் திரை அவர் பார்வையில் நேரடியாகப் படுவதில்லை என்றாலும், பிரதிபலிப்பு கவனத்தைக் குலைக்கத்தான் செய்கிறது. எனவே சூரியன் மறைந்ததும் திரைகளை அணைத்துவிடுகிறோம். இருட்டில் பாட்டுப் போட்டால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

எவ்வளவு நேரம் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மகன் அந்த வயதில் இருந்தபோது பயண நாளில் நாங்கள் அதை மீறியதுண்டு, மறைக்கவில்லை. இப்போது சுங்கச்சாவடிகளைக் கொண்டு பிரித்துவிட்டோம்: உளுந்தூர்பேட்டை முதல் சமயபுரம் வரை ஒரு படம், கொள்ளிடம், காவிரிப் பாலங்களில் நிறுத்தம், மதியத்துக்குப் பிறகு கப்பலூர் முதல் கயத்தாறு வரை இன்னொன்று. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கும் நிறுத்தமும் இடையில் உண்டு. மணி பார்க்கத் தெரியாத மகனுக்கும் சுங்கச்சாவடி தெரியும், ஆகவே பேரம் குறைவு.

செலவைக் கூட்டிச் சொன்னால், துணிப்பை இரண்டு 900 ரூபாய், ஹெட்போன் இரண்டு 1,800, மெமரி கார்டு இரண்டு 2,000, சார்ஜர் 900, பளபளப்பில்லாத தாள் 500. டேப்லெட் ஏற்கெனவே இருந்தால் ஆறாயிரத்துச் சொச்சத்தில் முடியும். ஒரே பிள்ளை உள்ளவர்களுக்கு இதில் பாதி. இரண்டு பிள்ளைகள் இருந்தும் ஒரே திரையை நடுவில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என் கியர் கம்பியில் உள்ள வடுவைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்போது தீர்க்க வேண்டிய ஒரே மனு மூன்றாம் வரிசையிலிருந்து வந்திருக்கிறது. "பிள்ளைங்களுக்கு மட்டும்தானா? எனக்கும் ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்று போன பொங்கலுக்கு மாமியார் கேட்டார். நடு இருக்கையின் ஹெட்ரெஸ்ட்டிலும் அதே பையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், கால் இடிக்கிறது. கடைசியில் பழைய டேப்லெட் ஒன்றை அவர் மடித் தலையணையில் சாய்த்து வைத்துக் கொடுத்திருக்கிறோம்; அவருக்குக் குமட்டல் வருவதில்லை. தொடர்களை முதல் நாள் இரவு பதிவிறக்கி, விட்ட இடத்தில் நிறுத்திக் கொடுக்கும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு தொடருக்கு இரண்டு கடலைமிட்டாய் என்று கூலியும் பேசியாயிற்று.